உள்ளே இருப்பவருக்குத் தாகம் எடுக்கிறது

(செவிலிய மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்த அனுபவம் இந்த அரங்கில் பலருக்கு இருக்கும். பெஞ்சில் இடம் கிடைக்காமல் சுவரோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருப்போம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்போம். டாக்டர் வெளியே வந்தால் பி.பி. எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, எப்போது வார்டுக்கு மாற்றுவீர்கள் என்று கேட்போம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் "உள்ளே அவருக்கு எது கஷ்டமாக இருக்கிறது, டாக்டர்?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நாங்களும் அதை முன்வந்து சொல்வதில்லை. மயக்கத்தில்தானே இருக்கிறார், என்ன தெரியப்போகிறது என்று இரு தரப்பாரும் நினைத்துக்கொள்கிறோம். அவருக்குத் தெரிகிறது. விட்டு விட்டு, கலங்கலாக, சில சமயம் பயங்கரமாகத் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் இந்த அறை எப்படி உண்டானது என்று சொல்லிவிடுகிறேன். 1952ஆம் ஆண்டு கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ மிகக் கடுமையாகப் பரவியது. பிளெக்டாம் என்ற தொற்றுநோய் மருத்துவமனைக்கு, மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகளும் பெரியவர்களும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்ததோ ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் மாட்டும் ஆறு கருவிகளும்தான். மூச்சு முடங்கிச் சிகிச்சைக்கு வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். தலைமை மருத்துவர் லாசன் வேறு வழியின்றி பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார். ஆகஸ்ட் 27ஆம் தேதி, மூச்சு நின்றுகொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, ரப்பர் குழாயைச் செருகி, காற்றுப் பையைக் கையால் அழுத்தி அவளைக் காப்பாற்றினார் இப்சன்.

ஒரு சிறுமிக்குச் செய்ததை எல்லோருக்கும் எப்படிச் செய்வது? பை அழுத்தும் கை இரவும் பகலும் ஓயக்கூடாது. மருத்துவ மாணவர்களை வரவழைத்தார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் ஷிப்ட் முறையில் வந்து, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். நோயாளி வாயசைப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அதே நகரத்தின் இன்னொரு மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய தனிப்பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் சொல்கிறார்கள்.

பிறகு வென்டிலேட்டர் வந்தது. மாணவர் கையைவிட அது சீராக வேலை செய்தது; தூங்கவில்லை, களைக்கவில்லை. அதை நான் குறைசொல்ல மாட்டேன். என் கைவழியாகப் போய் வீடு திரும்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இயந்திரத்தால் பிழைத்தவர்கள். ஆனால் இயந்திரம் கையின் வேலையை எடுத்துக்கொண்டபோது, கையோடு அந்த ஆளும் தலைமாட்டிலிருந்து எழுந்துபோய்விட்டார். மூச்சைக் கொடுத்துக்கொண்டே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இன்று அங்கே இல்லை. மானிட்டரைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். நோயாளி படும் மன வேதனையில் பெரும்பகுதி அந்தக் காலி இடத்திலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் இது இன்னும் கூர்மையாகத் தைக்கும். நம் மருத்துவமனைகளில் எந்த வார்டுக்குப் போனாலும் "கூட யார் இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அம்மாவுக்கு மகள், கணவனுக்கு மனைவி, யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெண். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பார்கள், பிளாஸ்கில் காபி வாங்கி வருவார்கள், டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுவார்கள். நோய் என்றால் கூட ஒருவர் இருப்பார் என்பது நமக்குப் பிறவியிலிருந்தே பழக்கம். வாழ்நாளிலேயே மிகவும் பயந்துபோயிருக்கும் நேரத்தில், ஐ.சி.யூ. என்ற ஒரே இடத்தில், அந்த ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

சரி, நோயாளிக்கு எது மிகவும் கஷ்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவரைக் கேட்டால்தான் தெரியும். 1981இல் பாலார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஐ.சி.யூ.வில் இருந்தவர்களிடம் 40 விஷயங்களைக் கொடுத்து, எது எவ்வளவு துன்பம் என்று கேட்டார். அந்தப் பட்டியலைப் பிறகு பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். நாடு மாறினாலும் மேலே வருபவை பெரும்பாலும் இவைதான்: வாயிலும் மூக்கிலும் குழாய், வலி, தாகம், தூக்கமின்மை, குழாய்களாலும் ஒயர்களாலும் கட்டுண்டு கிடப்பது. என்னை அதைவிட யோசிக்க வைத்தது வேறொன்று. இதே பட்டியலைச் செவிலியர்களிடம் கொடுத்து, நோயாளிக்கு எது கஷ்டமாக இருக்கும் என்று கேட்டபோது, அவர்கள் போட்ட வரிசை நோயாளிகள் போட்ட வரிசையோடு ஒத்துப்போகவில்லை. அனுபவமும் அக்கறையும் உள்ளவர்களே ஊகித்தால் தவறிவிடுகிறது. ஆகவே நான் சொல்வதையும் ஊகமாகவே எடுத்துக்கொண்டு, உங்கள் நோயாளியிடம் போய்க் கேளுங்கள்.

தாகத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இதை நாம் மிகவும் அலட்சியப்படுத்துகிறோம். வாயில் ட்யூப் இருப்பதால் வாய் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. ஆக்சிஜன் உலர்த்துகிறது. சில மருந்துகள் எச்சிலை வற்றவைக்கின்றன. இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு நீரை அளந்துதான் கொடுக்க முடியும். ட்யூப் எடுத்த பிறகும், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமோ என்று பயந்து "இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க" என்கிறோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த செவிலியர் பேராசிரியர் கேத்லீன் புன்டில்லோவும் அவருடைய குழுவும், உயிராபத்தில் இருந்த ஐ.சி.யூ. நோயாளிகளிடம் 2010இல் கேட்டபோது 10 பேரில் 7 பேர் தாகத்தைச் சொன்னார்கள். சொன்னவர்கள் அதை லேசான தொந்தரவாகச் சொல்லவில்லை. 2014இல் அதே குழு ஒரு சோதனை செய்தது. வாய்க்குள் குளிர்ந்த தண்ணீரை மெல்லியதாகத் தெளிப்பது, நனைத்த பஞ்சால் வாயைத் துடைப்பது, உதட்டில் மென்தால் கலந்த களிம்பு தடவுவது. இவ்வளவுதான். தாகம் தெளிவாகக் குறைந்தது. ஒரு ஸ்பிரே பாட்டிலும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாத மருத்துவமனை தமிழ்நாட்டில் உண்டா?

செவிலிய மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவருக்குப் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. பஞ்சில் நனைத்து உதட்டில் வைப்பார்கள். பாதி மயக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர், யாரோ தன் உதட்டில் நனைந்த பஞ்சை வைப்பதை உணர்ந்தால் என்ன நினைப்பார்? அதனால் வாய் திறந்து சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "அய்யா, வாய் காஞ்சிருக்கு, தண்ணி தொட்டு வைக்கிறேன். நல்லாத்தான் இருக்கீங்க." அவர் கண் திறக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

அடுத்து, குரல். மூச்சுக்குழாய்க்குள் போகும் ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது. ட்யூப் இருக்கும்வரை ஒலி வராது. விழித்தெழுந்தவருக்கு இது யாராவது சொன்னால்தான் தெரியும். பேச முயல்கிறார், சத்தம் வரவில்லை, ஊமையாகிவிட்டோம் என்று நினைக்கிறார். தொண்டை போய்விட்டது, இனி வராது என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்ததாகப் பின்னர் என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியர். "இனி எப்படிப் பாடம் நடத்துவேன் என்றுதான் படுத்திருந்தேன்" என்றார். நாங்களோ அந்த மூன்று நாளும் அவருடைய நுரையீரல் படத்தை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ட்யூப் இருக்கிறதால குரல் வராது. எடுத்தா வந்துடும்." இந்த இரண்டு வாக்கியங்களை ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலையில் சொன்னது மாலையில் அவருக்கு நினைவிருக்காது. பிறகு பேச ஒரு வழி செய்துகொடுக்க வேண்டும். ஒரு முறை கண் சிமிட்டினால் ஆமாம், இரு முறை சிமிட்டினால் இல்லை. கை நடுங்காதவருக்குத் தாளும் பேனாவும். நடுங்குபவருக்குப் படப்பலகை: வலி, தாகம், அரிப்பு, சிறுநீர், குளிர், புரட்டிப் படுக்க வை, வீட்டாரைக் கூப்பிடு. எழுத்துப் பலகையும் செய்யலாம். நம் உயிர்மெய் அட்டவணையே அதற்குத் தோதாக இருக்கிறது. 18 மெய் வரிசைகளில் முதலில் விரலை ஓட்டுங்கள். அவர் சிமிட்டும் வரிசையில் நிறுத்தி, அ முதல் ஔ வரை குறுக்கே ஓட்டுங்கள். மெதுவான வேலைதான். ஆனால் கேட்க வேண்டியது பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். "முதுகு", "காசு", "மகள்".

"காசு" என்று நான் சும்மா சொல்லவில்லை. தனியார் மருத்துவமனையில் படுத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்காரரின் மனதில் ஓடுவது பல நேரம் அதுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது, நகையை அடகு வைத்தார்களா, காப்பீட்டு அட்டை செல்லுமா? வெளிநாட்டுப் பட்டியல்களில் இந்தக் கவலை இவ்வளவு பெரிதாக வருவதில்லை. கட்டிலின் இருபுறமும் நின்றுகொண்டு பில் பற்றிப் பேசும் உறவினர்களே, கண்ணை மூடியிருப்பவரின் காதுகள் திறந்திருக்கின்றன.

கையைக் கட்டுவது பற்றி. ட்யூபைப் பிடுங்கிவிடுவார் என்று மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டுகிறோம். பயம் நியாயமானது, ட்யூப் சட்டென்று வெளியே வந்தால் உயிர் போகலாம். ஆனால் கட்டியதால் ட்யூப் பிடுங்குவது குறைந்தது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. பிடுங்கியவர்களில் பலர் அந்த நேரத்தில் கட்டப்பட்டுத்தான் இருந்தார்கள். கட்டப்பட்டவர் இன்னும் திமிறுகிறார். திமிறுகிறார் என்று தூக்க மருந்தைக் கூட்டுகிறோம். மருந்து கூடக் கூட மூளை குழம்புகிறது. தெளியும்போது மறுபடி திமிறுகிறார். கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஏன் திமிறுகிறார் என்பதுதான். வலியா? சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா? மூச்சு போதவில்லையா? முதலில் வலிக்கு மருந்து, பிறகுதான் தூக்கத்துக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கிரெஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரு முறை தூக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவிட்டார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் காலம் ஏழு நாளுக்கு மேல் இருந்தது ஐந்து நாளுக்கும் கீழே வந்தது. விழித்திருப்பது அவர் மனதைக் கெடுத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை.

இரவு என்று ஒன்று ஐ.சி.யூ.வில் இல்லை. 1859இல் செவிலியம் பற்றி எழுதிய நூலில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளி அறைகளில் இரவுச் சத்தம் 30 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. அளந்து பார்த்த ஐ.சி.யூ.க்களில் 50க்குக் கீழே போவதே அபூர்வம். மானிட்டர் அலறல்களில் பெரும்பாலானவை யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாதவை. நோயாளிக்கு அது தெரியாது, ஒவ்வோர் அலறலும் தன் உயிருக்கானது என்றே நினைக்கிறார். விளக்கு அணைவதில்லை. காலை ரவுண்ட்ஸுக்கு ரிப்போர்ட் வேண்டும் என்று நள்ளிரவு தாண்டி ரத்தம் எடுக்கிறோம். காலை ஷிப்ட் வருவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று விடியும் முன்னே உடம்பு துடைக்கிறோம். இவற்றில் எதுவும் நோய்க்காகச் செய்வதல்ல, நம் நேர அட்டவணைக்காகச் செய்வது. அதை மாற்றப் புதுக் கருவி வேண்டாம், ஒரு மணி நேரக் கூட்டம் போட்டுப் பேசினால் போதும். ஜன்னலும் அப்படித்தான். வில்சன் என்ற மருத்துவர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் இல்லாத ஐ.சி.யூ.வில் இருந்தவர்களுக்கு மனக்குழப்பம் இரு மடங்குக்கு மேல் வந்தது. கட்டடம் கட்டி முடித்துவிட்டோம் என்றால் குறைந்தது ஒரு கடிகாரமும் நாட்காட்டியும் அவர் கண்ணுக்கு நேரே மாட்டலாம்; பெரும்பாலும் அது அவர் தலைக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது குடும்பத்தாரை மிகவும் கலங்க வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "அப்பா எங்களை அடையாளம் தெரியாத மாதிரி பேசறார். சிஸ்டர் தன்னைக் கொல்லப் பார்க்கிறாங்கன்னு சொல்றார். மேல எறும்பு ஊருதுங்கறார்." வெளியே வந்து அழுவார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், காத்துக் கருப்பு என்று மந்திரித்த கயிறு கொண்டுவருவார்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியம் இல்லை. நோய், கிருமித் தொற்று, மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகத் தடுமாற வைக்கும் நிலை. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலி என்ற மருத்துவர் 2001இல், பேச முடியாத நோயாளியிடமும் இதைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினார். சில நிமிடத்தில் முடியும், எந்தச் செவிலியரும் செய்யலாம். 2004இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 224 பேரில் 10க்கு 8 பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. வந்தவர்களில் 34 சதவீதத்தினரும் வராதவர்களில் 15 சதவீதத்தினரும் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். ஆகவே "ஐ.சி.யூ.ன்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. கத்துபவரை எல்லோரும் கவனிக்கிறோம். சத்தமே இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். அவரை "நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை" என்று எழுதிவிடுகிறோம்.

டெலிரியத்தைத் தடுப்பதில் பெரிய பங்கு சின்னப் பொருள்களுக்கு உண்டு. அட்மிஷன் போடும்போது கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு உறவினரிடம் கொடுத்துவிடுகிறோம். பார்வை மங்கிய, காது கேட்காத 70 வயதுக்காரர் முகமூடி அணிந்த ஆட்களுக்கு நடுவே விழிக்கிறார். அவர் தெளிவாக இருந்தால்தான் ஆச்சரியம். தாலியும் அந்தக் கவருக்குள்தான் போகிறது. மயக்கம் தெளிந்த ஓர் அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கணவர் இறந்துவிட்டார், தன்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய நாடித்துடிப்பு ஏன் இப்படி ஏறுகிறது என்று மருந்துப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூத்த சிஸ்டர்தான் கையைக் கவனித்து, கணவரை உள்ளே அழைத்துவந்து நிறுத்தினார். தங்கத்தைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு மஞ்சள் கயிறு கழுத்தில் கிடந்தால் எந்தச் சிகிச்சைக்கும் இடைஞ்சல் வராது.

கதவுக்கு வருகிறேன். உறவினரை உள்ளே விட்டால் தொற்று வரும் என்ற வாதத்தைக் கேட்டிருப்பீர்கள். பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சில மாதங்கள் நாளுக்கு 12 மணி நேரம்வரை உறவினரை அனுமதித்தார்கள், சில மாதங்கள் பழையபடி கட்டுப்படுத்தினார்கள். தொற்று கூடவில்லை. பணியாளர்களின் சோர்வும் கூடவில்லை. உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் நோயாளிகளின் டெலிரியம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உறவினர் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாக்களிக்க முடியாது. டெலிரியத்தை அளக்கும் சோதனையில் பயம் பதிவாகாது, தனிமை பதிவாகாது. மகள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு நோயைத் தடுத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. கோவிட் காலத்தில் அந்தக் கையில்லாமல் எத்தனை பேர் போனார்கள் என்று நமக்குத் தெரியும்.

உங்கள் மருத்துவமனையில் 10 நிமிடம்தான் விடுகிறார்கள் என்றால் அதை வீணாக்காதீர்கள். கால்மாட்டில் நின்று அழ வேண்டாம். தலைமாட்டுக்குப் போய், முகத்துக்கு நேரே, பெயரைச் சொல்லியோ வீட்டில் கூப்பிடுவதுபோலவோ கூப்பிட்டு, நீங்கள் யார் என்று சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் ஆஸ்பத்திரி, எதற்காக இங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். வீட்டுச் செய்தி சொல்லுங்கள். அவர் கண்ட எறும்பை இல்லை என்று வாதாட வேண்டாம். பயமாக இருக்கிறதா என்று கேட்டு, நான் இருக்கிறேன் என்றால் போதும்.

வீடு திரும்பிய பிறகும் இது தொடர்கிறது. பலருக்கு உண்மையில் நடந்தது மறந்துபோய், டெலிரியத்தில் கண்டது மட்டும் தங்கிவிடுகிறது. கடத்திக்கொண்டு போனார்கள், கட்டிப்போட்டார்கள் என்ற நினைவு மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று மூடிவைத்துக்கொள்வார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளின் செவிலியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதுவது. இன்று காய்ச்சல் குறைந்தது, உங்கள் தம்பி வந்தார், ட்யூபைப் பிடித்ததால் கையைக் கட்டினோம் என்று எளிய வார்த்தைகளில். கிறிஸ்டினா ஜோன்ஸும் அவருடைய சகாக்களும் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். நாட்குறிப்பு பெறாதவர்களில் 13 சதவீதத்தினருக்கும், பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் மன அதிர்ச்சி நோய் புதிதாக வந்திருந்தது. ஒரு 40 பக்க நோட்டு போதும். மருத்துவமனை எழுதாவிட்டால் வாசலில் காத்திருக்கும் நீங்கள் எழுதலாம். அழகாக எழுத வேண்டியதில்லை. தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும், அவர் கேட்கும்போது கொடுங்கள்.

தமிழில் நாங்கள் தயாரித்த படப்பலகையும் உயிர்மெய்ப் பலகையும் அரங்க வாசலில் உள்ள மேசையில் அடுக்கியிருக்கின்றன. தேவைப்படுவோர் எடுத்துச் செல்லலாம், நகலெடுத்து எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். பலகையில் எந்தப் படம் இல்லை என்று உங்கள் நோயாளி சொல்கிறாரோ அதை எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறோம். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.